நயாவில் நிறம் அரைத்த நாட்கள்: ஒரு படச்சுருள் திருவிழாக் குறிப்புகள்

வியாழக்கிழமை, பாலிச்சக்

சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் கொல்கத்தா வரை போக வேண்டியதில்லை. கரக்பூரில் இறங்கி, ஹவுரா பக்கம் போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் சில நிலையங்கள் தாண்டிப் பாலிச்சக் வந்துவிடுகிறது. நானும் மகளும் அப்படித்தான் வந்தோம். ரயிலின் இருபுறமும் அறுவடைக்குத் தயாராக நிற்கும் நெல், வீட்டுக்கு வீடு ஒரு குளம், குளத்துக்கு ஒரு வாத்துக் கூட்டம். பெட்டியில் பொரி விற்றவர் கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குலுக்கிக் கொடுத்தார். மேதினிப்பூர்க்காரர்களுக்குப் பொரி நொறுக்குத் தீனி மட்டுமல்ல, வேளைக்கு உணவே அதுதான் என்று எதிர் இருக்கைப் பெரியவர் சொன்னார்.

நாளை காலை நயாவுக்குப் போகிறோம். மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தில், பிங்க்ளா வட்டாரத்தில் இருக்கும் சிற்றூர் அது. அங்கே இருக்கும் பட்டுவாக்கள் எனப்படும் படச்சுருள் கலைஞர்கள் அனைவருக்கும் ஒரே குடும்பப் பெயர்: சித்ரகர். நீளச் சுருளில் கதையைப் படமாக எழுதி, அதை மேலிருந்து கீழாக விரித்துக்கொண்டே பாடிக் காட்டுவது தலைமுறைகளாக இவர்களின் தொழில். ஆண்டுதோறும் நவம்பரில் மூன்று நாட்கள் ஊரே தன் முற்றங்களைத் திறந்து வைத்து, வருகிறவர்களை உட்கார வைத்து வேலை கற்றுக் கொடுக்கிறது. விழாவின் பெயர் பொட் மாயா. சித்ரதரு என்ற பட்டுவாக்களின் அமைப்பும் கொல்கத்தாவின் பாங்லாநாடக் நிறுவனமும் சேர்ந்து 2010 முதல் இதை நடத்தி வருகின்றன.

நான் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறவள். எங்கள் பக்கத்து விழாக்களிலும் கைவினைக்கென்று ஒரு மூலை ஒதுக்குகிறார்கள். குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள், அச்சடித்த உருவத்துக்குள் வண்ணம் தீட்டுவார்கள், பத்து நிமிடத்தில் எழுந்து அடுத்த குழந்தைக்கு இடம் விடுவார்கள். அந்தக் குழந்தைக்கு அந்தக் கலையைப் பற்றி அதில் என்ன தெரிந்துவிடும் என்று நெடுநாளாக எனக்கு ஆதங்கம். கலைஞர்களே வீட்டுக்காரர்களாக இருந்து நடத்தும் விழாவில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் திருநெல்வேலியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை, நயா

வேலி போட்ட விழாத் திடல் என்று எதுவும் இல்லை. ஆட்டோ நின்ற இடத்திலிருந்தே விழா தொடங்கிவிட்டது. மண் சுவர்களில் மீன், மயில், புலி, முழு இராமாயணக் காட்சி. வாசல்தோறும் தரையில் விரித்த சுருள்கள். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட துணிகள். திண்ணையில் சிரட்டைகளில் வண்ணம். எந்த வீட்டிலும் நின்று பார்க்கலாம், உட்கார்ந்து கேட்கலாம். நுழைந்ததும் முதலில் கேட்கிறார்கள், பாட்டுக் கேட்கிறீர்களா என்று. விலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

நாங்கள் உட்கார்ந்த வீட்டின் தலைவி ஐம்பதை ஒட்டிய பெண்மணி. தெருவே அவரைத் தீதி, அதாவது அக்கா, என்று அழைத்தது, நாங்களும் அப்படியே அழைத்தோம். எனக்கு வங்காளம் வராது. மகளுக்குப் பள்ளியில் படித்த இந்தி கொஞ்சம் வரும், தீதிக்கும் அதே அளவு வரும். மீதியைக் கைகள் பார்த்துக்கொண்டன.

வண்ணம் செய்யும் பயிற்சிக்கு எங்களோடு கொல்கத்தா கல்லூரி மாணவிகள் சிலரும், ஓய்வு பெற்ற தம்பதியர் ஒருவரும் இருந்தார்கள். தூரிகையைக் கையில் கொடுப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். தீதி ஆளுக்கொரு சின்னக் கூடையைக் கொடுத்து, கொல்லைக்கும் வேலிக்கும் அனுப்பிவைத்தார். சங்குப்பூ பறிக்க இரண்டு பேர், அவரை இலை கிள்ள இரண்டு பேர், தேக்கின் கொழுந்து இலைக்கு ஒருவர். மகள் கொடிப்பசலைப் பழத்தைத் தேடிப் போனாள்.

திண்ணையில் எல்லாவற்றையும் கொட்டியபோது எனக்கு உண்டான வியப்பை எப்படிச் சொல்வது! இதில் எங்கள் ஊரில் இல்லாதது எது? சங்குப்பூ எங்கள் தெருவில் வேலிதோறும் படர்ந்து கிடக்கிறது. கொடிப்பசலையைச் சமையலுக்குப் பறிக்கிறோம், பழுத்ததைக் குழந்தைகள் நசுக்கி விரலில் பூசிக்கொள்கிறார்கள். அவரைப் பந்தல் இல்லாத கிராமத்து வீடு உண்டா? இவ்வளவையும் கொல்லையில் வைத்துக்கொண்டு நான் ஆண்டுதோறும் மாணவர்களைக் கடைக்கு அனுப்பி வண்ணப் புட்டிகள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

வேலை மெதுவானது. சங்குப்பூவின் இதழை மட்டும் கிள்ளி எடுத்து, துளி நீர் தெளித்துக் கசக்கி, மெல்லிய துணியில் கட்டிப் பிழிய வேண்டும், தேங்காய்ப் பால் பிழிவதைப் போல. இறங்கும் சாறு அடர்ந்த நீலம். அதில் எலுமிச்சை பட்டால் ஊதாவாகிவிடும் என்பதால் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். அவரை இலையை அம்மியில் அரைத்துப் பிழிந்தால் பச்சை. பச்சை மஞ்சள் கிழங்கை அரைத்தால் மஞ்சள். தேக்கின் கொழுந்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் கை இரத்தச் சிவப்பாகிவிட்டது. கல்லூரி மாணவி ஒருத்தி பயந்தே போனாள். முள்முள்ளான காய்க்குள் இருக்கும் செந்நிற விதைகளிலிருந்து காவி கலந்த சிவப்பு எடுக்கிறார்கள். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியும் சுண்ணாம்பும் சேர்த்து ஒரு செந்நிறம். விளக்குச் சுடருக்கு மேல் சட்டியைக் கவிழ்த்துச் சேர்த்த புகைக்கரி கறுப்பு. வெள்ளைக்கு மட்டும் ஒரு களிமண். குசும் மண் என்கிறார்கள். அதைக் கரைத்து, மணல் கீழே தங்கவிட்டு, மேலே நிற்கும் பால் போன்ற நீரை மட்டும் வடித்தெடுக்க வேண்டும்.

இத்தனையையும் தாளில் நிறுத்திவைப்பது வில்வம். முற்றாத வில்வக்காயை உடைத்தால் விதையைச் சுற்றிக் கோந்து இருக்கிறது. அதை நீரில் ஊற வைத்து எடுத்தால் வழுவழுப்பான பசை கிடைக்கிறது. ஒவ்வொரு சாற்றிலும் இந்தப் பசையைக் கலந்து சிரட்டையில் ஊற்றி வெயிலில் காயவைத்துவிடுகிறார்கள். காய்ந்து ஒட்டிக்கொண்ட வண்ணம் நெடுநாள் இருக்கும். வேண்டும்போது துளி நீர் விட்டுக் குழைத்துக்கொள்ளலாம். பசை குறைந்தால் வண்ணம் தூளாக உதிரும், கூடினால் தாள் சுருளும்போது வெடிக்கும். அளவுக் கரண்டி ஏதும் கிடையாது. தீதி விரலால் தொட்டு, கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்துப் பார்த்துச் சொல்கிறார். எங்கள் எல்லோருடைய விரலையும் நனைக்கச் சொல்லி, இது போதாது, இது சரி, இது கூடுதல் என்று மூன்று சிரட்டைகளில் பழக்கினார். காலை முழுக்கக் கற்றதில் எனக்கு மிக உயர்ந்த பாடமாகப் பட்டது இந்த விரல் பாடம்தான். எந்தப் புத்தகத்திலும் இதை எழுதிக் கொடுக்க முடியாது.

நாங்கள் பிழிந்தவை வெயிலில் காய்கின்றன. முற்றம் முழுக்கச் சிரட்டைகள். மகள் மணிக்கொருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

சனிக்கிழமை

இன்று படம்.

சுருள் படத்துக்கு இங்கே ஜொரானோ பொட் என்றும், ஒற்றைச் சதுரப் படத்துக்குச் சௌகோ பொட் என்றும் பெயர். புதிதாக வருகிறவர்களுக்குச் சதுரம்தான் கொடுக்கிறார்கள். மீன் வரையலாம், ஆந்தை வரையலாம், பூனை வாயில் இறால் வரையலாம். அந்தப் பூனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பட்டுவாக்களில் சிலர் கொல்கத்தாவின் காளிகாட் கோயில் பக்கம் குடியேறி, யாத்திரிகர்களுக்கு ஒற்றைத் தாளில் விரைவாகப் படம் எழுதி விற்றார்கள். மீனைக் கவ்விய பூனை அந்தக் காளிகாட் படங்களில் பெயர் பெற்றது. அதே பூனை இன்று நயாவின் சுவரிலும் உட்கார்ந்திருக்கிறது.

தீதி பென்சில் தரவில்லை. முதலில் தூரிகையாலேயே கோடு. கோட்டை இழுக்கும்போது கையைத் தூக்கக் கூடாது, மூச்சையும் பாதியில் விடக் கூடாது என்றார். பிறகு நிறம் நிரப்ப வேண்டும். கடைசியில் கறுப்பால் விளிம்பு, அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள். ஓரத்தில் கொடி, பூ, இலை என்று ஒரு பட்டை. ஓரப் பட்டை இல்லாத படம் அவர்கள் கணக்கில் முடிந்த படம் அல்ல. எங்களோடு இருந்த ஓய்வு பெற்ற ஐயா, தம் மீனை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு எழப் பார்த்தார். தீதி சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்து, ஓரம் இன்னும் வெறுமையாக இருக்கிறதே அண்ணா என்றார். அவர் மதியச் சாப்பாடு வரை ஓரம் எழுதினார். எழுந்தபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

மதியத்துக்கு மேல் சுருள் செய்யும் முறையைக் காட்டினார்கள். தாள்களை ஒன்றோடொன்று இணைத்து நீளமாக்கிக் கட்டம் கட்டமாகக் கதையை எழுதி முடித்த பிறகு, பின்புறம் பழைய சேலைத் துணியைப் பசை தடவி ஒட்டுகிறார்கள். சுருட்டிச் சுருட்டி விரித்தாலும் தாள் கிழியாமல் இருப்பது அந்தத் துணியால்தான். துணி ஒட்டும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று தீதி கூப்பிட்டதும் நான்கு பேர் ஓடினோம். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் காற்றுக் குமிழ் வெளியேற்ற வேண்டும். தேய்ந்துபோன பருத்திச் சேலைதான் நன்றாக ஒட்டுகிறது என்றார். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அது பசையைக் குடிக்காது.

அடுத்துப் பாட்டு. என்னைக் கேட்டால், நயாவுக்கு வந்து பாட்டில் உட்காராமல் படம் மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் பாதிதான் பார்த்தார்கள் என்பேன். சுருளில் முதலில் வருவது பாட்டு. பொட்டேர் கான் என்று சொல்லப்படும் அந்தப் பாட்டு நெஞ்சில் இருந்தால்தான் எத்தனை கட்டம், எந்தக் கட்டத்தில் யார் என்பதெல்லாம் அமையும். பாடுகிறவர் ஒரு கையால் சுருளை இறக்கிக்கொண்டே மறுகையின் விரலால் உருவங்களைத் தொட்டுக் காட்டுகிறார். இறுதி அடியில் தம் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாடி முடிக்கிறார். பணிதா என்று அதைச் சொல்கிறார்கள். நம் பதிகங்களின் கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும் ஊரும் வருவதை அறிந்த காதுக்கு அது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது!

மகளுக்கும் மாணவிகளுக்கும் மீன் கல்யாணப் பாட்டைக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு மீனுக்குத் திருமணம். மற்ற மீன்கள் எல்லாம் ஆளுக்கொரு வேலை பார்க்கின்றன, மேளம் அடிக்கின்றன, பல்லக்குத் தூக்குகின்றன. கடைசியில் பெரிய மீன் ஒன்று வந்து கல்யாணக் கூட்டத்தையே விழுங்கிவிடுகிறது. ஒவ்வொரு அடியையும் தீதியின் மருமகள் பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள். பாட்டு ஓரளவு பிடிபட்ட பின்புதான் சுருளைக் கையில் கொடுத்தார்கள். பாடிக்கொண்டே சுருளை இறக்குவதற்குக் கையும் வாயும் ஒன்றாக நடக்க வேண்டும். கட்டத்துக்கு முன்னால் பாட்டு ஓடினாலும் பாட்டுக்கு முன்னால் கட்டம் ஓடினாலும் பார்க்கிறவர்கள் தவித்துப்போகிறார்கள். தெருவில் போன ஊர்ப் பிள்ளைகள் நின்று, எந்த அடியில் எந்த மீன் என்று என் மகளுக்குக் கை காட்டி உதவினார்கள்.

தீதியின் மாமியார் காலத்தில் பெண்கள் வெளியே போய்ப் பாடியதில்லையாம். ஆண்கள்தான் சுருளைத் தோளில் மாட்டி ஊர் ஊராகப் போய்ப் பாடி, அரிசியும் காசும் வாங்கி வருவார்கள். பெண்களுக்குப் படத்தையும் பாட்டையும் கற்றுக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் துக்குஷ்யாம் சித்ரகர். அவர் பெயரை எந்த வீட்டிலும் மரியாதையோடு சொல்கிறார்கள். இன்று நயாவில் பெண்கள் எழுதும் சுருள்கள் உலகமெங்கும் போகின்றன. 2020இல் ஸ்வர்ணா சித்ரகர் கொரோனாவைப் பற்றி எழுதிப் பாடிய சுருளைப் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பட்டுவாக்கள் முஸ்லிம்கள். தொழுகைக்குப் போகிறார்கள், நோன்பு இருக்கிறார்கள். எழுதுவதும் பாடுவதும் பாம்புகளின் தெய்வமான மானசா தேவியின் கதை, கிருஷ்ண லீலை, துர்க்கை, இராமன், கூடவே காஜி பீர், சத்திய பீர் என்னும் மகான்களின் கதைகள், சந்தால் பழங்குடி மக்களின் உலகப் பிறப்புக் கதை. கல்லூரி மாணவி ஒருத்தி இதைப் பற்றி மிகத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். தீதி துணியில் பசை தடவிக்கொண்டே பதில் சொன்னார்: "இது எங்கள் அப்பாவின் பாட்டு, தாத்தாவின் பாட்டு. வேறு எதைப் பாடுவோம்?" அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

கூட்டம் இன்று மிக அதிகம். கொல்கத்தாவிலிருந்து காரிலும் பஸ்ஸிலும் குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. தெருமுனையில் கெட்டில், குடை, லாந்தர், டி-ஷர்ட், துப்பட்டா என்று பட்டுவா உருவங்கள் எழுதிய பொருட்களின் விற்பனை அமோகம். துவைக்க வேண்டிய துணிக்கும் தகரத்துக்கும் வில்வப் பசை வண்ணம் நிற்காது. அவற்றுக்குக் கடையில் வாங்கும் வண்ணம்தான். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சுருளுக்கு வாரக்கணக்கில் உழைக்க வேண்டும், வாங்க ஆள் வரும் வரை காத்திருக்கவும் வேண்டும். ஒரு குடை அன்றைக்கே விற்றுவிடும். அந்தப் பணத்தில் அடுத்த சுருளுக்குத் தாள் வருகிறது.

எனக்கு வருத்தம் தந்தது பேரம்தான். நல்ல உடை உடுத்திய ஒருவர், ஆறு அடிச் சுருளுக்குச் சொன்ன விலையில் பாதியைக் கேட்டுக்கொண்டு நின்றார். அருகிலேயே முந்தைய நாள் எங்களோடு ஓரப் பட்டை எழுதிய ஐயா இருந்தார். அவர் தம் ஒற்றை மீனை எடுத்துக் காட்டி, இதற்கே எனக்கு ஒரு பகல் போனது என்றார். பேரம் பேசியவர் சற்று நேரம் சுருளைப் பார்த்துவிட்டு முழு விலையைக் கொடுத்து வாங்கிப் போனார். வருகிறவர்களை உட்கார வைத்து வேலை செய்ய வைப்பதால் கலைஞர்களுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. பூப் பறித்து, பிழிந்து, விரல் தொட்டுப் பசை பார்த்தவர்களுக்கு விலையின் காரணத்தை யாரும் விளக்க வேண்டியிருக்காது. பத்து நிமிட அரங்குகளில் நாம் வெட்டி எறிவது இந்த மெதுவான வேலைகளைத்தான். குழந்தைகளுக்குச் சலிக்கும் என்று சொல்லி நீக்குகிறோம். முற்றத்தில் சிரட்டை காய்வதைக் காத்திருந்த எந்தக் குழந்தையும் இங்கே சலித்துப் போனதை நான் பார்க்கவில்லை. தன் கையால் பிழிந்த நீலம் காய்ந்து கெட்டியாவதை எந்தப் பிள்ளைதான் விட்டுவிட்டுப் போகும்?

மாலையில் இன்னொரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். என்ன சுருள் வேண்டும் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லும் முன்பே அங்கிருந்த பெரியவர் ஒரு சுருளை எடுத்துப் பிரித்தார். முதல் கட்டத்தில் கடல், கடலுக்கு ஒரு முகம், அகலத் திறந்த கண்கள். அடுத்தடுத்த கட்டங்களில் அலைக்குள் மனிதர்களும் மாடுகளும் வீடுகளும். 2004ஆம் ஆண்டின் சுனாமி. நயாவின் பல குடும்பங்கள் இந்தச் சுருளை எழுதியிருக்கின்றன. ஜொய்தேப் சித்ரகரும் மொய்னா சித்ரகரும் எழுதிய சுனாமிச் சுருளைச் சென்னையின் தாரா பதிப்பகம் கைத்திரை அச்சில், விரித்துப் பார்க்கும் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. அதை முன்பே பார்த்திருக்கிறேன். பாட்டோடு கேட்பது இதுவே முதல் முறை.

மொழி புரியாத பாட்டில் எங்கள் கடற்கரையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினத்தில் எங்களுக்கு உறவினர்கள் உண்டு. அந்த டிசம்பர் 26 காலையில் தொலைபேசிக்கு அருகில் நாங்கள் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. பாட்டு முடிந்ததும் மகள் தன் இந்தியில், நாங்கள் அந்தக் கடல் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று சொன்னாள். பெரியவர் சுருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, அங்கே இப்போது பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். படகுகள் வந்துவிட்டனவா, வீடுகள் கட்டிக் கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெகு நேரம் பேசினோம். அவர் கடலைப் பார்த்தவர்தான், ஆனால் நம் கரையை அல்ல. செய்தியில் கேட்டு, மனம் பொறுக்காமல் பாட்டுக் கட்டியிருக்கிறார். கேட்ட ஊர்களில் அந்தப் பாட்டுக்கு மக்கள் அழுதார்களாம்.

பழைய கதை மட்டுமே பாடி வந்தவர்கள் அல்ல பட்டுவாக்கள். ஊரில் வெள்ளம் வந்தாலும் உலகில் போர் வந்தாலும் எய்ட்ஸ் விழிப்புணர்வானாலும் சுருளில் ஏறிவிடுகிறது. ஊர் ஊராகப் பாடித் திரிந்த காலத்தில் இவர்கள்தான் செய்தியும் கொண்டுபோனவர்கள். 1930களில் குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வங்கத்தின் கிராமங்களில் தேடித் தேடி இத்தகைய சுருள்களைச் சேகரித்தார். அவர் சேர்த்தவற்றுக்குக் கொல்கத்தாவின் ஜோகாவில் தனி அருங்காட்சியகமே உண்டு. வங்கப் படச் சித்திரத்துக்கு 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இரவில் மேடையில் வங்கத்து நாடோடிப் பாடகர்களான பாவுல்களின் பாட்டு. மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். அவளுடைய விரல் நகங்களில் இன்னமும் தேக்குச் சிவப்பு.

திங்கட்கிழமை, சபங்

விழா முடிந்துவிட்டது. ரயில் இரவில்தான் என்பதால் பக்கத்து வட்டாரமான சபங்குக்கு ஒரு நடை போனோம். மாதுர் என்னும் கோரைப்பாய்க்குப் பெயர் பெற்ற ஊர்ப்பக்கம். இதற்கும் 2018இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வயலில் கோரையைப் பார்த்ததும் எனக்குப் பத்தமடை நினைவு வந்தது, வராமல் எப்படி இருக்கும்! தாவரவியலாளர்கள் கணக்கில் இரண்டும் ஒரே கோரை இனம்தான். இங்கேயும் பருத்தி நூலில் பாவு, கோரையில் ஊடை. தரையோடு தரையாக மூங்கில் சட்டத்தில் தறி. ஒருவர் கோரையைக் கோத்துக் கொடுக்க, மற்றவர் அடித்து நெருக்குகிறார். சாதாரணப் பாய்க்கு எக்ரோகா, இரட்டைக் கோரை வைத்து நெய்வது தோரோகா, மிக மெல்லிய இழையாகக் கிழித்து வேலைப்பாட்டோடு நெய்வது மஸ்லந்த். நம் பட்டுப்பாயை அறிந்தவர்கள் மஸ்லந்தைத் தொட்டுப் பார்த்தாலே போதும், இரண்டு ஊர்க்காரர்களும் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று தெரியும். நெய்த அம்மா மகளைத் தறியில் உட்கார வைத்தார். ஒவ்வொரு கோரையையும் விளிம்பில் மடித்து முடிக்கும் விதத்தை அவள் கையைப் பிடித்துப் பழக்கினார். நான்கு விரல் அகலம் நெய்வதற்குள் எங்கள் வண்டி வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு நயாவுக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விழாத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். முடிந்தால் முதல் நாளே போய்விடுங்கள்; ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைப்பது கடினம். ஊரிலேயே பட்டுவாக்களின் வீடுகளிலும் விழாக்குழுவின் விடுதியிலும் தங்கலாம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டையும் பார்த்துவிட ஓடாமல் ஒரே முற்றத்தில் இரண்டு நாள் உட்காருங்கள். பாட்டுக் கேட்டால் பாட்டுக்கும் பணம் கொடுங்கள், சுருள் வாங்காவிட்டாலும். குழந்தைகளுக்குப் பழைய உடை போட்டு அழைத்துப் போங்கள், தேக்குச் சிவப்பு துவைத்தால் போகாது.

நான் வாங்கியது மீன் கல்யாணச் சுருள். பொங்கலுக்கு எங்கள் பள்ளியில் விழா உண்டு. இந்த முறை அச்சடித்த தாளும் வண்ணப் புட்டியும் வேண்டாம் என்று தலைமையாசிரியருக்கு ரயிலிலிருந்தே செய்தி அனுப்பிவிட்டேன். மைதானத்து வேலியில் சங்குப்பூ இருக்கிறது, சிவன் கோயில் நந்தவனத்தில் வில்வம் இருக்கிறது, பொங்கலுக்குப் பச்சை மஞ்சள் கொத்துக் கொத்தாகச் சந்தைக்கு வரும். சிரட்டைகளை மாணவர்களே கொண்டுவரட்டும். நிறம் காய வெயில் வேண்டும் என்பதால் ஒரு நாள் விழாவை இரண்டு நாளாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.